தேன்மெழுகு, இரண்டு பவுண்டு

லெம்ஹை பள்ளத்தாக்கில் கழிப்பறை பொருத்துவது என் பிழைப்பு.
பீங்கானுக்கும் தரைக்கும் நடுவில் வைக்கும் மெழுகு வளையம்
வண்டியின் பின்னால் ஆறேழு எப்போதும் கிடக்கும்.
அதைத்தான் முதலில் உருக்கினேன்,
கொஞ்சம் வாஸலின் சேர்த்து,
கைப்பிடி உடைந்த காப்பிப் பாத்திரத்தில்.
சிரிக்காதீர்கள், புது வளையம்தான்.
தவிர, தோட்டா குலம் கோத்திரம் கேட்பதில்லை.

ஈயம் ஸ்காரிடமிருந்து வரும்.
டயர் கடையில் சக்கரத்திலிருந்து பிடுங்கிய எடைக்கட்டிகள்,
வாளி வாளியாக.
காய்ச்சி, அச்சில் ஊற்றி, ஒரு தட்டு:
மொச்சைக்கொட்டை கனத்தில் வெள்ளையாக விழும்.
ஒவ்வொன்றின் இடுப்பிலும் இரண்டு பள்ளம்.
மெழுகு போவது அங்கேதான்.
போகாவிட்டால்
எஃகுக் குழல் ஈயத்தை உரித்துத்
தன் மேலேயே பூசிக்கொள்ளும்.

நவம்பர் போட்டியில் அதுதான் நடந்தது.
குளிரில் என் மெழுகு கல்லாகிவிட்டது.
நாலாவது குண்டு வட்டத்துக்கு வெளியே.
ஒன்பதாவது, காகிதத்துக்கே வெளியே.
அன்றிரவு பித்தளைத் தூரிகையோடு உட்கார்ந்து
ஜரிகை ஜரிகையாகக் குழலைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது
ஸ்கார் ஈயத்தைக் காய்ச்சி என் காதில் ஊற்றினான்:
"மார்லிஸிடம் கேள். நிஜ மெழுகு அவளிடம் இருக்கிறது."

பாலத்துக்கு அந்தப் பக்கம் அவள் வீடு.
பதினொரு வருடத்தில்
அவள் தெருவில் யாருக்கும் கழிப்பறை அடைத்ததில்லை,
அல்லது என்னைக் கூப்பிட்டதில்லை.
தேன்பெட்டிகளுக்குக் கறுப்புத் தார்த்தாள் சுற்றி
மேலே செங்கல் வைத்திருந்தாள்.
பனியில் செத்த தேனீக்கள், சிந்திய தேயிலை மாதிரி.

"எதற்கு?"
"தோட்டாவுக்கு."
"மெழுகுவர்த்தி செய்கிறவர்கள் பவுண்டுக்குப் பன்னிரண்டு தருகிறார்கள்."
"தருகிறேன்."
"உனக்குப் பதினான்கு."

சமையலறைத் தராசை எடுத்தாள்.
நாங்கள் சேர்ந்து வாங்கிய தராசு.
பவுண்டுக்கு ஓர் அவுன்ஸ் அதிகம் காட்டும்,
அன்றைக்கே அப்படித்தான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
முள் இரண்டில் நின்றது.
அவளும் முள்ளைப் பார்த்தாள்.
பிறகு வேறொரு கட்டியின் மூலையைக் கத்தியால் உடைத்து
மேலே வைத்தாள்.
"காலை நேரத்தில் ஆற்றோரம் சுடாதே.
கூட்டுக்குள் அதிர்கிறது."
அவ்வளவுதான். இருபத்தெட்டு டாலர்.

உருக்கும்போது ஓர் இறக்கை மிதந்தது,
பிறகு பாதிக் கால்.
பழைய பனியனில் வடிகட்டினேன்.
வீடு முழுக்க ஜூலை மாத வாசனை.
அனலில் இட்ட மெழுகு என்று எதையெதையோ சொல்வார்கள்.
உண்மையில் மெழுகு அவசரப்படுவதில்லை.
ஓரத்தில் முதலில் கண்ணாடியாகும்,
நடுக்கட்டி கடைசிவரை
தீவு மாதிரி முரண்டு பிடிக்கும்.

"இரண்டு உலோகத்துக்கு நடுவில்
ஏதாவது ஒன்று இருந்தால்தான்..." என்று ஸ்கார் தொடங்கினான்.
வாயை மூடு என்றேன்.
அந்த உவமை எனக்கும் தெரியும்.
பதினொரு வருடமாகத் தெரியும்.

டிசம்பரில் சுட்டேன், மதியத்துக்குமேல்.
புகையில் தேன் வாசனை.
ஸ்கார் பசிக்கிறது என்றான்.
பரிசு வேறு யாரோ வாங்கினார்கள்.
ஆனால் இருபது குண்டும் காகிதத்தில் இருந்தன,
குழலுக்குள் விட்ட துணி
ஏறக்குறைய வெள்ளையாகவே வந்தது.

பாத்திரத்தில் விரல்கடை அளவு மீதி.
வீணாக்க மனமில்லை.
சமையலறை ஜன்னலின் தடத்தில் தேய்த்தேன்.
குடித்தனம் நடந்த ஒன்பது வருடமும்
அவள் இரண்டு கையாலும் இழுத்து
என்னைத் திட்டிக்கொண்டே திறந்த ஜன்னல்.

ஒரு விரலால் தள்ளினேன், திறந்தது.
குளிர் உள்ளே வந்தது.
மூடினேன்.
மறுபடியும் திறந்தேன்.